ஒரே சீட்டில் 2 மாத்திரை... ரத்த ஸ்டெம் செல்லுக்கு 'ஆன்', 'ஆஃப்' சுவிட்ச் கண்டுபிடித்த சென்னை மாணவர்! யார் இந்த சுப்பாராவ்?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், முதலில் ஞாபகத்துக்கு வருவது ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வர மதியம் ஆகிவிடும்.

கை விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்ததும் விரலை மடக்கவே முடியவில்லை என்று போகிறவர்களுக்கு சோதனையில் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனும் முடக்குவாதம் என்று தெரிந்தால், பெரும்பாலும் சீட்டில் இரண்டு மாத்திரைகளின் பெயர் சேர்ந்தே இருக்கும். ஒன்று மெத்தோட்ரெக்சேட். இன்னொன்று ஃபோலிக் ஆசிட்.

மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். ஃபோலிக் ஆசிட்டை வேறு நாளில் போட வேண்டும். ஏன் இப்படி? ஏனென்றால், ஒரு மாத்திரை செய்யும் வேலையை இன்னொன்று தடுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த இரண்டு மாத்திரைகளுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே மனிதர். அவர் மருத்துவம் படித்தது ராயபுரத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். யார் இவர்? ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

முதலில், ஸ்டெம் செல் என்றால் என்ன?

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலை உண்டு. சிவப்பணு ஆக்சிஜனை சுமக்கும். வெள்ளையணு கிருமியோடு சண்டை போடும். தட்டணு ரத்தம் உறைய உதவும். ஆனால் இவை எதுவும் நிரந்தரமில்லை. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான்.

அப்படியென்றால் புதுசு வந்துகொண்டே இருக்க வேண்டும் இல்லையா? அதைச் செய்வதுதான் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்கே இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள்தான் எல்லா ரத்த அணுக்களுக்கும் தாய். அவை தன்னைப் போலவே இன்னொரு செல்லையும் உருவாக்கும், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணுவாக மாறப்போகும் செல்களையும் உருவாக்கும். நம் உடம்பில் ஒரு நொடிக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால், முதலில் தன் டி.என்.ஏ.வை இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் கட்டாயம் தேவைப்படும் சத்துதான் ஃபோலிக் ஆசிட். அது இல்லையென்றால் மஜ்ஜையில் உற்பத்தி தடுமாறும். சரியாகப் பிரிய முடியாத செல்கள் பெரிதாக, முதிராமல் நிற்கும். விளைவு, ரத்தசோகை.

இந்த சத்தை ஆய்வகத்தில் தயாரித்துக் கொடுத்ததும், அதே சத்தை ஏமாற்றி செல் பிரிவதை நிறுத்தும் மருந்தைக் கொடுத்ததும் சுப்பாராவின் குழுதான். அவருடைய கதை பீமாவரத்தில் தொடங்குகிறது.

மூன்றாவது முயற்சியில் மெட்ரிக் பாஸ்

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமாவரத்தில் பிறந்தவர் சுப்பாராவ். இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். அம்மா வெங்கம்மா. பெரிய குடும்பம், சின்ன வருமானம்.

படிப்பில் அவர் சுட்டி என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடி, காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்று சம்பாதிக்கலாம் என்று திட்டம் போட்டதாகச் சொல்வார்கள். பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டவர், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறைதான் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். இடையில் சாமியாராகிவிடலாம் என்று ராமகிருஷ்ண மடத்தின் பக்கமும் மனசு போனது.

கடைசியில் சேர்ந்தது சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். நண்பர்கள் கொஞ்சம் உதவினார்கள். மீதியை கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி பார்த்துக்கொண்டார். இவருடைய மகள் சேஷகிரியை சுப்பாராவ் 1919-ல் திருமணம் செய்துகொண்டார்.

கதர் சட்டைக்குக் கிடைத்த தண்டனை

அது காந்தியின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியை மக்கள் ஒதுக்கிய காலம். சுப்பாராவும் கதருக்கு மாறினார். அதோடு நிற்கவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கும் கதரில் தைத்த சர்ஜரி உடுப்பிலேயே போனார். அது அறுவை சிகிச்சை பேராசிரியராக இருந்த பிரிட்டிஷ்காரர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை.

தேர்வு முடிந்தபோது சுப்பாராவுக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார். அதுவும் கைகூடவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுக்கப் போனார். அங்கேதான் மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றிய ஆராய்ச்சி ஆசை இன்னும் பெரிதானது.

இதற்கிடையே வீட்டில் ஒரு பேரிடி. அவருடைய சகோதரர்கள் இருவர் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம், டிராபிக்கல் ஸ்ப்ரூ என்ற நோய். வெப்ப நாடுகளில் வரும் இந்த நோயில் குடல் சத்தை உறிஞ்சாது. என்ன சாப்பிட்டாலும் வயிற்றுப்போக்கு. ஆள் எலும்பும் தோலுமாக மெலிந்து, ரத்தம் வற்றிப் போவார். அன்றைக்கு இதற்கு மருந்து கிடையாது. டாக்டருக்குப் படித்த ஒருவர், கூடப்பிறந்தவர்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை மறுபடி இங்கே வரும்.

பாஸ்டனில் இரவு வேலை

1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்தார். மாமனார் கொடுத்த பணமும், காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும்தான் கைக்காசு. மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

அவர் திரும்பவே இல்லை. அவர் கிளம்பியபோது மனைவி கர்ப்பமாக இருந்தார். பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களிலேயே இறந்துபோனது. மகனின் முகத்தை அப்பா பார்க்கவில்லை. சேஷகிரியும் கணவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சுப்பாராவின் சாதனைகளைப் பேசும்போது யாரும் அதிகம் சொல்லாத பக்கம் இது.

ஹார்வர்டில் வெப்ப மண்டல மருத்துவத்தில் டிப்ளமோ படித்தார். சாப்பாட்டுக்குக் காசு வேண்டுமே? பாஸ்டனில் இருந்த பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு வேலைக்குப் போனார். நோயாளிகளின் மலம், சிறுநீர் பாத்திரங்களைக் கழுவுவதுதான் வேலை. பகலில் ஹார்வர்டு ஆய்வகம், இரவில் பாத்திரம்.

1925-ல் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றைக்கும் படிப்பது இதைத்தான். 1927-ல் தசைகளில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதை இருவரும் அறிவித்தார்கள். 1929-ல் ஏ.டி.பி. பற்றி எழுதினார்கள். அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டறிந்திருந்தார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் கரன்ஸி போல ஆற்றலைக் கொடுக்கும் மூலக்கூறு அது.

1930-ல் ஹார்வர்டில் பிஎச்.டி. பட்டம் வாங்கினார். ஆனாலும் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் ஹார்வர்டை விட்டுவிட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநரும் ஆனார்.

சென்னையிலும் நடந்த தேடல்

ஃபோலிக் ஆசிட் கதையில் சென்னைக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1928 முதல் இந்தியாவில் வேலை பார்த்த லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர், மும்பையில் ஏழை கர்ப்பிணிகளுக்கு ஏன் இவ்வளவு மோசமான ரத்தசோகை வருகிறது என்று ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும் வேலை பார்த்தார். 1931-ல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். ஈஸ்ட்டில் இருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான சாப்பாட்டுப் பொருளைக் கொடுத்தால் ரத்தசோகை சரியாவதைக் கண்டார். அதில் இருந்த அந்த மர்ம சத்து எது என்று மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து அந்த சத்தைச் செறிவாக்கி, ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. ஆனால் டன் கணக்கில் கீரை அரைத்தால் துளிதான் கிடைக்கும். அதை வைத்து எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும்?

லெடர்லேயில் சுப்பாராவின் குழு அதற்கு விடை கண்டது. முதலில் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். பிறகு அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-ல் ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் சுப்பாராவ் தேடிக்கொண்டிருந்தது வேறு. பெர்னீஷியஸ் அனீமியா என்ற கொடிய ரத்தசோகைக்கு ஈரலில் இருக்கும் மருந்தைத்தான் அவர் வருடக்கணக்காகத் தேடினார். அதற்கான விடை ஃபோலிக் ஆசிட் அல்ல, பி12 என்பது பிறகு தெரிந்தது. ஆனால் வழியில் கிடைத்த ஃபோலிக் ஆசிட்டை வேறொரு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் ரத்தம் ஊறத் தொடங்கியது. நாக்குப் புண் ஆறியது. பசி எடுத்தது.

அந்த நோயின் பெயர், டிராபிக்கல் ஸ்ப்ரூ.

ஆமாம், அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய். சுமார் 25 வருடம் தாமதமாக மருந்து வந்தது.

எதிர் மருந்து பிறந்தது எப்படி?

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லுக்கேமியா என்றால் என்ன? மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகும் வரிசையில் ஏதோ ஒரு செல் கெட்டுப்போய், கட்டுப்பாடு இல்லாமல் பெருகிக்கொண்டே போவது. அன்றைக்கு அந்தக் குழந்தைகளுக்கு சில வாரங்கள், சில மாதங்கள்தான் கெடு.

லெடர்லேயில் இருந்து வந்த ஃபோலிக் ஆசிட் சார்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை. மாறாக வேகமெடுத்தது போலத் தெரிந்தது. அந்தப் பின்னடைவில்தான் ஒரு யோசனை பிறந்தது. ஃபோலிக் ஆசிட் தீனியாகப் போகிறது என்றால், அதை நிறுத்தினால் புற்றுநோய் செல் பட்டினி கிடக்குமே?

ஃபோலிக் ஆசிட் போலவே தோற்றம், ஆனால் வேலை செய்யாத போலி மூலக்கூறுகளை சுப்பாராவின் குழு தயாரித்தது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத கள்ளச்சாவி மாதிரி. செல் அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் டி.என்.ஏ. பிரதி எடுக்க முடியாமல் நின்றுவிடும்.

அப்படி வந்த அமினோப்டெரின் என்ற மருந்தை 1947 கடைசியில் ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அது தற்காலிகம்தான், நோய் திரும்பியது. ஆனாலும் மருந்தால் லுக்கேமியாவைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் முதல்முறையாகப் பார்த்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஓரளவு பாதுகாப்பான தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றைக்கு உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது.

அதே லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் வந்த இன்னொரு மருந்து டி.இ.சி. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுக்கும் மாத்திரை அதுதான். சாக்கடை தேங்கிய இடத்தில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் நோய் அது. அந்தக் கொசுவை வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசினை பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்ததும் சுப்பாராவ் இயக்குநராக இருந்தபோதுதான்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு என்ன சம்பந்தம்?

1948 ஆகஸ்ட் மாதம். ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பேர்ல் ரிவரில் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை கடைசிவரை வாங்கவில்லை.

ரத்த ஸ்டெம் செல் இருக்கிறது என்பதை கனடாவின் டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் எலிகளை வைத்து நிரூபித்தது 1961-ல்தான். அதாவது, அந்த செல்லை யாரும் தெளிவாகக் காட்டும் முன்பே, அதன் உற்பத்தியை ஓட வைக்கும் சத்தும் நிறுத்தும் மருந்தும் உலகத்தின் கையில் இருந்தன.

பிறகு வந்தது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இதுதான் உண்மையில் ஸ்டெம் செல் மாற்று. கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தாலும் கதிர்வீச்சாலும் காலி செய்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் ரத்த ஸ்டெம் செல்லை ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றுவார்கள். அது தானாக மஜ்ஜைக்குப் போய்க் குடியேறி, புது ரத்தம் ஊற வைக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். புதிதாக வந்த வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். வந்த விருந்தாளி வீட்டுக்காரரை அடிப்பது போல. தோல், குடல், ஈரல் எல்லாம் பாதிக்கும், உயிரும் போகலாம். அந்தத் தாக்குதலுக்காக வேகமாகப் பெருகும் வெள்ளையணுக்களை அடக்க, மாற்று சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில் குறைந்த அளவில் கொடுக்கப்படும் மருந்துகளில் முக்கியமானது எது தெரியுமா? மெத்தோட்ரெக்சேட்.

மஜ்ஜை மாற்றை சாத்தியமாக்கியதற்காக 1990-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர் டொனால் தாமஸ். அவர் இளம் டாக்டராகப் பயிற்சி எடுத்ததும் பாஸ்டன் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில்தான். இருபது வருடத்துக்கு முன்பு சுப்பாராவ் இரவில் பாத்திரம் கழுவிய அதே இடம்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. லுக்கேமியா, தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா வந்தவர்கள் பலர் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீங்க!

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சர்க்கரை நோய் போகும், ஆட்டிசம் சரியாகும், மூட்டுவலி பறக்கும் என்றெல்லாம் விளம்பரங்கள் போனில் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் தொடர்பான நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று செய்வது மட்டும்தான் நிலையான சிகிச்சை. மற்றவை ஆராய்ச்சி நிலை. ஆராய்ச்சியில் சேரும் நோயாளியிடம் அதற்காகக் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

அதேபோல, மெத்தோட்ரெக்சேட் போடுபவர்கள் அதை மறந்தும் தினமும் போட்டுவிடக் கூடாது. ரத்த அணுக்கள் உருவாவதே குறைந்து, உயிருக்கு ஆபத்தாகலாம். எந்தக் கிழமை என்று சீட்டில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடவே கூடாது.

பெயர் தெரியாத மனிதர்

சுப்பாராவுக்கு நோபல் பரிசு இல்லை. தன் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் குழுவில் இருந்தவர்களின் பெயர்தான் இருக்கும். 1995-ல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ, எண்ணூர், திருவொற்றியூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செக்கப்புக்குப் போகும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அவர் தயாரித்துக் காட்டிய சத்து மாத்திரையாகக் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் ஃபோலிக் ஆசிட் தனியாக. குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு உருவாகும்போது குறை வராமல் தடுக்க. நான்காவது மாதத்திலிருந்து இரும்புச்சத்தோடு சேர்த்து, 180 நாள்.

அந்த மாத்திரையைப் போட்டால் வாய் கசக்கிறது, குமட்டுகிறது என்று மேஜை டிராயரில் போட்டு வைப்பவர்கள் நிறைய பேர். குமட்டல் பெரும்பாலும் கூட இருக்கும் இரும்புச்சத்தால் வருவது. டாக்டரிடமோ கிராம, நகர சுகாதார செவிலியரிடமோ சொன்னால், எப்போது, எப்படிப் போட்டால் ஒத்துக்கொள்ளும் என்று வழி சொல்வார்கள். நிறுத்திவிட மட்டும் வேண்டாம். அந்தச் சின்ன மாத்திரை கிடைக்காமல் தன் வீட்டிலேயே இரண்டு பேரைப் பறிகொடுத்த ஒருவரிடமிருந்து வந்தது அது.